ஜீப் கூப்பிட்டாச்சு

அத்தியாயம் ஒன்பது

பாம்பு கடித்த மனைவியை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தான். ஏன்?

உடும்பஞ்சோலைச் சரிவில் இருந்த அந்த ஏலத்தோட்டம் ஒரு மாதமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. பதிலையும் தோட்டமே சொல்லிக்கொண்டது. கங்காணி ஏசுதாசுக்குப் பெண்டாட்டி மேல் ஏதோ கசப்பு, செத்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டான். ஊர் நடத்துகிற விசாரணையில் ஒரு சௌகரியம் உண்டு. குறுக்கு விசாரணை என்ற தொல்லையே கிடையாது.

இன்பமேரிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மகளிர் போலீஸ் வேலையை உதறிவிட்டுக் குமுளியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் அவள். தோட்டத்து ஆபீஸ் வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மேடம், குத்தவாளி யாருன்னு நம்மளைக் கூப்புட்டவரே சொல்லீட்டாருங்க. அப்புறம் நாம எதுக்கு வந்தோம்? சளி புடிக்கறதுக்குங்களா?" என்றான் அவளுடைய உதவியாளன் பிரதீப். அவன் கொல்லங்கோட்டுக்காரன். பாலக்காட்டு வெயிலில் காய்ந்து வளர்ந்த உடம்பு இந்த மலைக் குளிருக்கு நடுங்கும். வாய் மட்டும் எந்தக் குளிருக்கும் அடங்காது.

"அவர் சொல்றது சரியான்னு பார்க்க வந்தோம்."

"தப்பா இருந்தா?"

"அதையும் அவர்கிட்டத்தான் சொல்லணும். குடையை எடு."

அவர்களைக் கூப்பிட்ட ரிஜின் வராந்தாவில் காத்திருந்தான். செத்துப்போன சகாயராணியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு ஏலக்காய் எடுத்த கூலியில் அவனை இன்ஜினீயர் ஆக்கியவள் அவள். இப்போது எர்ணாகுளத்துக் காக்கநாட்டில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவனுடைய காரின் பின் சீட்டில் ஒரு சிறுமி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சகாயராணியின் மகள் ஜிஸ்மி.

"இன்னிக்குச் சாயங்காலம் பாப்பாவை எர்ணாகுளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன் மேடம். அங்க ஸ்கூல்ல எடம் வாங்கியாச்சு. அந்த ஆளு மொகத்துலயே முழிக்க மாட்டேங்குறா. ஒரு மாசமா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல," என்றான் ரிஜின்.

"அந்த ஆளு" என்றால் அவன் மச்சான், ஜிஸ்மியின் அப்பா. அக்காவோடு சேர்த்து மச்சான் என்ற சொல்லையும் அவன் புதைத்துவிட்டிருந்தான்.

"அவர் கொன்னாருன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"எங்க கம்பெனி செஞ்ச செயலிதான் மேடம் இந்த மலையில பல தோட்டத்துல ஓடுது. வருகை, காய் எடை, லீவு எல்லாம் டேப்லெட்லதான். அவசரத்துக்கு ஜீப் கூப்பிடவும் அதுல ஒரு பட்டன் இருக்கு. மத்தியானம் பாம்பு கடிச்சிருக்கு. ஆபீசுக்கு ஜீப் வேணும்னு வந்தது சாயங்காலம். அக்கா உசுரு போன பெறகு, ஊரு கேக்குமேன்னு பயந்து அமுக்கியிருக்காரு. தூக்கிட்டு ஓடியிருந்தாக்கூட பொழச்சிருப்பா. உக்காந்திருந்தாரு மேடம். சும்மா உக்காந்திருந்தாரு."

பேச்சை மாற்றுவதற்காகவே இன்பமேரி கேட்டாள்.

"அந்தச் செயலியில உங்க வேலை என்ன?"

"கண்ணுக்குத் தெரியற பாகம் எல்லாம். திரையைத் துண்டு துண்டாச் செய்வோம் மேடம். ஒரு பட்டன், ஒரு பெட்டி, ஒரு தேதிக் கட்டம். காம்பொனென்ட்னு சொல்லுவோம். ஒண்ணை ஒழுங்காச் செஞ்சு வச்சிட்டா எந்தப் பக்கத்துல வேணும்னாலும் எடுத்து வச்சுக்கலாம். அதுல ஒரு திருத்தம் பண்ணுனா எல்லா எடத்துலயும் தானாத் திருந்திரும்."

"எங்கூட்டுல இப்புடி ஒரு வசதி இல்லாமப் போச்சுங்களே. பெரியப்பனை மட்டும் திருத்துனாப் போதும், மிச்சம் இருக்கற சித்தப்பனுங்க எல்லாம் திருந்தியிருப்பாங்க," என்றான் பிரதீப்.

ரிஜினின் உதடு சிரிக்கப் பார்த்தது. முடியாமல் அவன் காரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஆபீசுக்குள் கணினி முன்னால் கிளார்க் செல்வலட்சுமி இருந்தாள். சகாயராணியின் பெயரைச் சொன்னதுமே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் ஒரே லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பக்கத்துப் பக்கத்து வீடு.

"ஜீப் கேட்டது இங்க வந்தப்ப மணி அஞ்சைத் தாண்டிருச்சு மேடம். டிரைவர் முனீஸ்வரன் அண்ணன் பறந்துக்கிட்டுப் போனாரு. ஏசுதாஸ் அண்ணன் சிலுவை வளைவுல அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாராம். ஒடம்பு அப்பவே சில்லுனு ஆயிருச்சாம்."

"கூட வேலை செஞ்ச பொம்பளைங்க எங்க போனாங்க?"

"கல்லுப்பள்ளத்துலயே காயை எடை போட்டுட்டு, மூட்டையத் தூக்கிக்கிட்டு அவங்க மத்தியானமே ஸ்டோருக்கு வந்துட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் தராசைக் கழட்டி எடுத்துட்டு வரப் பின்தங்குனாங்க. அப்பத்தான் கடிச்சிருக்கு."

இன்பமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கு அந்தப் பள்ளத்துல போட்ட எடை எல்லாம் இந்தத் திரைக்கு எப்ப வந்துச்சு?"

செல்வலட்சுமி வேறொரு பக்கத்தைத் திறந்தாள். "அதுவும் அஞ்சு மணிக்கு மேலதான். அந்தப் பள்ளத்து எடை என்னிக்குமே சாயங்காலந்தான் மேடம் வரும்."

"யார் யாரு எடை?"

அவள் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பெயரில் குரல் இறங்கியது. "சகாயராணி."

"ஏனுங்க, சாயங்காலம் அந்தம்மா எப்புடிங்க எடை போட்டிருப்பாங்க? அப்ப அவங்க உசுரோட இல்லீங்களே?" என்றான் பிரதீப்.

"அய்யோ, அது மத்தியானமே போட்டது. பள்ளத்துல போன் ரேஞ்ச் கெடையாது. மேல ஏறி வந்து ரேஞ்ச் கெடைச்சாத்தான் டேப்லெட்ல இருக்கறது எல்லாம் மொத்தமா..." செல்வலட்சுமி வாக்கியத்தை முடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடைக்கு ஒரு நியாயம், ஜீப்புக்கு ஒரு நியாயமா?" என்று இன்பமேரி மெதுவாகக் கேட்டாள்.

"ஜீப் வேற பக்கம் மேடம். மேனேஜர் பாக்குறது. ரெண்டையும் யாரும் பக்கத்துல வச்சுப் பாக்கல. நானும் பாக்கல."

"அந்த டேப்லெட்டைக் கொஞ்சம் குடுங்க."

கல்லுப்பள்ளத்துக்கு இறங்கும் பாதை வழுக்கியது. ஏலச்செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. அடியில் சேறும் சருகும். பாம்புக்கு அதைவிட வாகான இடம் வேண்டாம். பிரதீப் ஒவ்வொரு அடிக்கும் தரையைக் காலால் தட்டி, "வர்றோமுங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

பள்ளத்தின் அடியில் எடை போடும் மேடை. இன்பமேரி தன் கைபேசியைப் பார்த்தாள். ரேஞ்ச் துளியும் இல்லை. டேப்லெட்டை பிரதீப்பிடம் நீட்டினாள்.

"இப்ப உன்னைப் பாம்பு கடிச்சிருச்சு. ஜீப்பைக் கூப்பிடு."

"வேற நல்ல வாக்கே வராதுங்களா மேடம் உங்க வாயில?" என்று முனகிக்கொண்டே அவன் பட்டனை அமுக்கினான்.

திரையில் பளிச்சென்று பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. கீழே அழகான தமிழ் எழுத்து. 'ஜீப் கூப்பிட்டாச்சு.'

"பாத்தீங்களா, போயிருச்சு. பள்ளத்துக்குள்ள இருந்தும் போகுதுங்க. அப்ப அந்தக் கங்காணி அன்னிக்கு அமுக்கவே இல்லீங்க, கணக்குத் தீந்துச்சு," என்றான் பிரதீப்.

"ஜீப் வரட்டும். அப்புறம் தீர்க்கலாம்."

காத்திருந்தார்கள். ஜீப் வந்தால் எங்கே உட்காருவது, டிரைவரிடம் டீ வாங்கித் தரச் சொல்லலாமா என்றெல்லாம் பிரதீப் பேசிக்கொண்டிருந்தான். மேடையில் காலை நீட்டிப் படுத்து, "எனக்கு விஷம் ஏறுது மேடம், எங்கூட்டுல சொல்லீருங்க" என்றான். அட்டை ஒன்று காலில் ஏறியதும் எழுந்து உட்கார்ந்தான். ஜீப் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். பேசிக்கொண்டே இருந்தவன் மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்தினான். திரையைப் பார்த்தான். பச்சை டிக் அப்படியே இருந்தது.

"மேடம், இது போகவே இல்லீங்களா?" என்றான். குரலில் கேலி இல்லை.

"ஏறு. மேல போகலாம்."

சிலுவை வளைவு என்பது சரிவின் உச்சியில், பாதை திரும்பும் இடம். பழைய கல் சிலுவை ஒன்று அங்கே உண்டு. மூச்சிரைக்க அதை எட்டியபோது டேப்லெட் பிரதீப்பின் கையில் ஒருமுறை அதிர்ந்தது. சற்று நேரத்தில் பாதையில் எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஜீப் வந்து நின்றது. டிரைவர் முனீஸ்வரன் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் குதித்தார். கையில் கட்டுத் துணி.

"யாருக்கு? எங்க கடிச்சிருக்கு?"

"யாருக்கும் இல்லண்ணே. சோதிச்சுப் பார்த்தோம். மன்னிச்சுக்குங்க," என்றாள் இன்பமேரி.

முனீஸ்வரன் ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றார். "அன்னிக்கும் இப்படித்தாம்மா வந்தேன். சோத்தை அப்படியே போட்டுட்டு வந்தேன். விளையாட்டுக்குக்கூட இதை அமுக்காதீங்க." வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பிரதீப் சிலுவையின் அடியில் உட்கார்ந்துவிட்டான். "நான் அங்க படுத்துக்கிட்டு வெளையாடிட்டு இருந்தனுங்க மேடம். அந்த மனுசனும் அங்கதானுங்களே உக்காந்திருந்திருப்பாரு."

"ஆமா. அவர் சும்மா உக்காரல. ஜீப் வருதுன்னு நம்பி உக்காந்திருந்தாரு. எழுந்திரு, அவரைப் பார்க்கணும்."

லயத்தில் ஏசுதாஸ் அடுப்புக்கு எதிரே குத்துக்காலிட்டு இருந்தார். மகளுடைய ஸ்வெட்டரை அனலில் பிடித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். அவள் பையோடு காரில் ஏறியபோது ஈரம் என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போனதாம். மழை நாளில் துணி காயாது, அங்கே போய்க் குளிரில் நடுங்குவாள் என்றார்.

இன்பமேரி டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள். "பள்ளத்துல அமுக்கிப் பார்த்தோம். பச்சை விழுந்துச்சு. ஜீப் வரல. வளைவுக்கு வந்த பெறகுதான் போச்சு."

அவர் ஸ்வெட்டரைத் திருப்பிப் பிடித்தார். நிமிரவில்லை.

"உங்களுக்கு இது தெரியும். ஒரு மாசமா ஊரே உங்களைக் கொலைகாரன்னு சொல்லுது. பெத்த பிள்ளை பேச மாட்டேங்குது. ஏன் வாயைத் திறக்கல?"

"அதை ஆரு செஞ்சது தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் ஏசுதாஸ்.

இன்பமேரிக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியை அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"மொதல்ல இப்படி இல்லம்மா. ரேஞ்ச் இல்லன்னா செவப்பா வரும், போகலன்னு. எடை போடும்போது அந்தச் செவப்பைப் பாத்துட்டுப் பொம்பளைங்க பதறிப்போவாக. எடுத்த காயி கணக்குல ஏறாமப் போயிரும்னு திரும்பத் திரும்ப அமுக்கச் சொல்லுவாக. எடை ரெண்டு தடவை ஏறி, கள்ளக் கணக்குன்னு ஆபீசுல திட்டு விழும். இவதான் தம்பிகிட்டச் சொன்னா. ‘ஏலே ரிஜினு, அந்தச் செவப்பைப் பாத்தா எங்களுக்கு வயித்தக் கலக்குதுடா, எங்களை வையாத மாதிரி ஒண்ணு செஞ்சு குடுடா’ன்னு. அவனும் அக்கா கேட்டாளேன்னு செஞ்சு குடுத்தான். அமுக்குனா ஒடனே பச்சை. ரேஞ்ச் வந்ததும் தானாப் போயிரும். லயத்துல ஒவ்வொரு வீடாப் போயி இவ காட்டுனா. ‘எந்தம்பி எனக்காக மாத்திக் குடுத்தான், பாருங்க’ன்னு."

அடுப்பில் விறகு சரிந்தது. அவர் அதைத் தள்ளி வைத்தார்.

"எடைக்குன்னு மாத்துனான். ஜீப்புலயும் அதே பட்டன்தான்னு அவனுக்கு அப்ப ஞாபகம் வரல. எனக்கும் தெரியாது. செவப்பு வந்திருந்தா அந்த நிமிசமே தோள்ல போட்டுக்கிட்டு ஓடியிருப்பேன். நாகம் கடிச்ச ஒடம்பை அசைக்கக் கூடாதும்பாக, ஜீப்பு வருது, அசைக்காம வச்சிருப்போம்னு மடியில போட்டுக்கிட்டேன். எத்தனை நேரம் பாத்தேன் தெரியுமா அந்தப் பாதைய? மனசு கேக்காம கடைசியில தூக்கிக்கிட்டு ஏறுனேன். வளைவுல வச்சு டேப்லெட்டு ஒரு துடி துடிச்சுச்சு. அப்பத்தான் சேதி போகுதுன்னு வெளங்கிருச்சு. அவ அதுக்கு மின்னாலயே போயிட்டா."

பிரதீப் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அந்தம்மா ஏதாச்சும் பேசினாங்களா?" என்று கேட்டாள் இன்பமேரி.

"நாந்தான் அழுதேன். அவ அழல. ‘பயப்படாதீக, எந்தம்பி செஞ்சது, கண்டிப்பா வந்துரும்’னா. அதான் அவ கடைசியாப் பேசுனது."

அவர் ஸ்வெட்டரின் மறு கையை அனலில் பிடித்தார்.

"இதை நான் எப்படிம்மா அவன்கிட்டச் சொல்லுவேன்? பெத்த புள்ளையா வளத்தா அவனை. தெரிஞ்சா அவன் உசுரை வச்சிருப்பானா? ஜிஸ்மிக்கு எம்மேல கோவம் இருந்துட்டுப் போவுது. அவ மேல உசுரா இருக்கறது மாமன்தான், அந்த எடமும் போயிட்டா புள்ளை எங்க போவா? ஒங்க காலப் புடிக்கேன். சொல்லிராதீக."

இன்பமேரி நிறைய வாக்குமூலங்களைக் கேட்டவள். இந்த மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை. ஒரு நிமிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

"அண்ணே, அந்தப் பட்டன் இன்னிக்கும் இந்த மலையில பல தோட்டத்துல இருக்கு. நாளைக்கு ரேஞ்ச் இல்லாத ஏதோ ஒரு பள்ளத்துல இன்னொருத்தர் அமுக்குவாரு. பச்சை விழும். பாதையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அவருக்கு நாம என்ன பதில் சொல்றது?"

ஏசுதாஸ் ஸ்வெட்டரை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சொல்லாதே என்று அதன் பிறகு அவர் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை.

ஆபீஸ் முற்றத்தில் ரிஜின் காரை எடுக்கத் தயாராக நின்றான். "கெடைச்சுதா மேடம் அத்தாட்சி?"

"ஒரே ஒரு சந்தேகம். எடை போடுற பட்டனை உங்க அக்கா கேட்டாங்கன்னு மாத்திக் குடுத்தீங்களாமே."

"ஆமா. பச்சையா வர்ற மாதிரி. ரொம்பச் சந்தோசப்பட்டா."

"அதே பட்டன் வேற எந்தெந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

வேலை சம்பந்தமான கேள்வி. அவன் யோசிக்காமல் விரல் விட்டு எண்ணினான். "வருகைப் பதிவு, எடை, உரம் கேக்குறது, லீவு, ஜீ..."

விரல் அப்படியே நின்றது.

மழை பெய்துகொண்டே இருந்தது. அவன் அவள் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான். பிறகு கல்லுப்பள்ளம் இருக்கும் திசையைப் பார்த்தான். அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தொழில் தெரிந்தவன் அவன்.

"நான் எடைப் பக்கத்தை மட்டும்தான் சோதிச்சுப் பாத்தேன்," என்றான். மறுபடியும் அதையே சொன்னான். "எடைப் பக்கத்தை மட்டும்தான் மேடம்."

"மொதல்ல உங்க கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. அழுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு," என்றாள் இன்பமேரி. கடுமையாகச் சொல்லாவிட்டால் தன் குரலும் உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் போன் செய்தான். ஜீப் பக்கத்தில் அந்தப் பட்டனை இப்போதே மாற்ற வேண்டும், போகாவிட்டால் போகவில்லை என்று சிவப்பில் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்றான். மறுமுனையில் காரணம் கேட்டிருக்க வேண்டும். "எங்கக்கா செத்துட்டா" என்று மட்டும் சொல்லித் துண்டித்தான். பிறகு காரின் கதவைத் திறந்து சேற்றில் மண்டி போட்டான்.

"பாப்பா, அப்பா அப்பவே ஜீப்பைக் கூப்பிட்டாரு. கடிச்ச ஒடனே கூப்பிட்டாரு. மாமா செஞ்ச பட்டன்தான் அதைக் கொண்டுபோய்ச் சேக்கல. மாமாதான் தப்பு பண்ணிட்டேன்."

ஜிஸ்மி அவனையே பார்த்தாள். "அப்ப அப்பா சும்மா உக்காந்திருக்கலயா?"

"இல்லம்மா. ஜீப் வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு."

பையை அப்படியே போட்டுவிட்டுச் சிறுமி இறங்கினாள். லயத்துக்குப் போகும் பாதையில் முதலில் நடந்தாள். பிறகு ஓடினாள். "அப்பா" என்று அவள் கத்தியது மழையைத் தாண்டி முற்றம் வரை கேட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஏசுதாஸ் மேலே வந்தார். தூக்கிச் சுமக்கிற வயது இல்லை அவளுக்கு. இருந்தாலும் இறக்கிவிடவில்லை. இன்பமேரியை அவர் பார்த்த பார்வையில் நன்றி இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

ரிஜின் சேற்றிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தச் சொல் அவன் வாயில் வந்தது.

"மச்சான், அக்கா கடைசியா என்ன சொன்னா?"

ஏசுதாஸ் மகளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ரிஜினைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒண்ணும் சொல்லல மாப்ள. கடிச்ச ஒடனேயே மயங்கிட்டா. அவளுக்கு எதுவுமே தெரியாது."